நிழல்மேல் போட்ட பழி

ஓய்வுபெற்ற ஆசிரியை றஹீமாவின் வீட்டுக் கூரையில் பன்னிரண்டு சோலார் தகடுகள் இருந்தன. கத்தாரிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில் அவற்றைப் பூட்டிய நாள்தொட்டு, இரண்டு அறைகளில் ஏசி ஓடியும் மின்சாரப் பில் சில நூறு ரூபாயைத் தாண்டியதில்லை. நிந்தவூரில் இதை அறியாதவர் குறைவு, அவரே சொல்லியிருந்தார்.

மே மாதப் பில் பதினெட்டாயிரம். ஜூனில் இன்னும் கூடுதல்.

காரணத்தை றஹீமா தேடவில்லை. அது மதிலுக்கு அப்பால் நின்றது. பஸ்மிலாவின் ஈரப்பலா மரம் பின்னேரத்தில் நான்கு தகடுகள்மேல் நிழலை விரித்தது. பஸ்மிலா கணவனை இழந்தவள். அந்தக் காயைச் சீவிப் பொரித்து, பைகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுத்தே இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தாள். கொப்புகளை மட்டும் வெட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தாள். றஹீமா இணங்காமல், பள்ளிவாசலில் தம் குடிக்காகப் பேசும் மரைக்காரிடம் முறைப்பாடு செய்தார். மரைக்காரின் விறாந்தையில் பத்துப் பேர் கூடியிருக்க, அண்டை வீட்டாருக்கு நோவினை செய்பவரின் தொழுகை என்னாகும் என்று வகுப்பில் கேட்பதுபோல றஹீமா கேட்டார். பஸ்மிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். மூன்றாம் நாள் அவளே ஆள் பிடித்து வெட்டுவிக்க, மரம் விழுந்தது.

ஜூலைப் பில்லும் குறையவில்லை.

சோலார் திருத்தும் ஷிப்லியை அழைத்தார், அவரிடம் படித்தவன். கொண்டுவந்த ஏணியைச் சாத்துமுன், வெளிச்சுவரில் இருந்த இன்வெர்ட்டர் பெட்டியைத் திறந்தவன் ஏணியை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"டீச்சர், இது ஓஃப்ல கிடக்கு. ஆர் நிப்பாட்டின?"

றஹீமாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறையும், ஆகையால் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை அறிவித்திருந்தது. ஊரில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்து பழகிய றஹீமா தம் கையாலேயே நிறுத்தினார். மீண்டும் போடவேண்டிய நாளில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்தார். அதன்பின் நினைவு வரவேயில்லை.

மரத்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கேட்டார். பில்லில் தெரியும் அளவுக்கு இல்லை என்றான் ஷிப்லி.

உள்ளே போய், பில்கள் வைத்திருந்த கோப்பை விரித்தார். கூரையிலிருந்து வெளியே கொடுத்த அலகுகளைக் காட்டும் வரியில், மூன்று பில்களிலும் பூச்சியம். விடைத்தாளில் அரைப் புள்ளி விடுபட்டாலும் கண்டுபிடிப்பவர், கட்டவேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு அவற்றைத் திகதி வரிசையில் அடுக்கியிருந்தார்.

வெளியில் சொல்லவேண்டாம் என்று ஷிப்லியிடம் கேட்டுக்கொண்டார். "நான் ஏன் டீச்சர் சொல்லப்போறன்" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். தமக்காக ஒரு மாணவன் வெட்கப்படுவதை அவர் அன்றுதான் கண்டார்.

பின்னேரம், பஸ்மிலா மதிலுக்கு அப்பால் சந்தையில் வாங்கிய மரவள்ளிக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வெயில் நல்லா விழுதா ராத்தா?"

குத்தலா, கரிசனையா என்று பிரித்தறிய முடியவில்லை.

"ஓம்" என்றார் றஹீமா.

அந்த ஒரு சொல் மூன்று நாள் அவரை உண்ணவும் விடவில்லை, உறங்கவும் விடவில்லை. மரத்துக்குக் காசைக் கொடுத்துச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்றார் கணவர் ஜவுபர். அப்படி முடிந்துவிடாதா என்று றஹீமாவின் மனமும் ஆசைப்பட்டது. அந்த ஆசையே அவரை இன்னும் கூச வைத்தது. நான்காம் நாள் பஸ்மிலாவின் குசினி வாசலில் போய் நின்று, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார்.

பஸ்மிலாவின் கத்தி நின்றது.

"எனக்குச் சொல்லி என்ன ராத்தா? மரம் எழும்பி நிக்கவா போகுது? அண்டைக்கு விறாந்தையில நீங்க சொன்னதைப் பத்துப் பேர் கேட்டாங்க. இப்பயும் என்ர பிள்ளைகளுக்கிட்ட அதைத்தான் கேக்குறாங்க. அவங்களுக்குச் சொல்லுங்க."

றஹீமா மரைக்காரிடம் போனார். பெண்பிள்ளை சபையில் நின்று இதையெல்லாம் சொல்வதா, நானே சொல்லிவிடுகிறேன் என்று மரைக்கார் தடுத்தார். றஹீமா கேட்கவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் அதே பத்துப் பேரும் வந்து அமர்ந்தார்கள். பஸ்மிலா வரவில்லை.

"மரத்தில பிழையில்ல. சோலாரை நிப்பாட்டினது நான், மறந்ததும் நான்" என்று தொடங்கினார்.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமினார். றஹீமாவின் காது சுட்டது. இருமல் அடங்கும்வரை நின்று, விட்ட இடத்திலிருந்து மேலே சொன்னார்.