துரையின் ஒரே ஆள்

பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலை கட்டினால் பிரீத்திகாவுக்கு ஒன்றும் ஆகாது. புதுக் கார் வாங்கினாலும் போய்ப் பார்த்து, கொடுத்த இனிப்பைத் தின்றுவிட்டு வருவாள். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டு ருமானா அக்கா ஒரு குரல் கொடுக்க, தன் வீட்டு நாய் சொன்னபடி எழுந்து போனதைப் பார்த்த அன்றைக்கு அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அதையும் நேரில் பார்க்கவில்லை. அச்சாபீஸில் உட்கார்ந்து, கையில் பாதி இட்லியோடு, போனில் பார்த்தாள்.

துரை சிப்பிப்பாறை ஜாதி வேட்டைநாய்க் குட்டி. சாத்தூர்ப் பக்கம் தேடிப்போய் வாங்கி வந்தது. விற்ற ஆள் குட்டியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். "இது ஒரே ஆளுக்குத்தான் அடங்கும் தாயி. அது யாருன்னு அதுவா முடிவு பண்ணும். நாம சொல்லி ஆகாது." அந்த ஒரே ஆள் தான்தான் என்பதில் பிரீத்திகாவுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் பீரோவும் கட்டிலும் மாமியார் வாங்கிப் போட்டவை. அச்சாபீஸ் மாமனார் தொடங்கியது. அவளே ஆசைப்பட்டு, அவளே பேர் வைத்துக் கொண்டுவந்தது இந்த நாய் ஒன்றைத்தான். அது வேறு யாரையும் ஏறிட்டும் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். நினைப்பதில் தப்பில்லை, நாய்க்குத் தெரிய வேண்டுமே!

குட்டி வந்த நேரம்தான் சரியில்லை. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளோடு புது ஆல்பம் போட்டுவிட்டால் சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவர்களுக்குச் சீசன் பிறந்துவிடும். ஆர்டர் எடுப்பது பிரீத்திகாவின் பொறுப்பு. நகைக்கடைக்காரர் லட்சுமி வேண்டும் என்பார், லட்சுமி அச்சுக்குப் போகிற நேரத்தில் முருகனாக மாற்றச் சொல்வார். கடையின் போன் நம்பரில் ஒரு எண் தப்பினால் அத்தனை காலண்டரும் குப்பைக்குத்தான். காலையில் போனால் மதியம் வீட்டுக்கு வந்து அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். இந்தப் பிழைப்பில் நாயை வெளியே ஒன்றுக்குப் போகப் பழக்குவது எப்படி? போனில் வீடியோ பார்த்தாள். தூங்கி எழுந்ததும் கூட்டிப் போங்கள், தின்றதும் கூட்டிப் போங்கள், வெளியே போனால் கொஞ்சுங்கள் என்றான் ஒருவன். அவனுக்கு வேறு வேலைவெட்டி இல்லை போலிருக்கிறது.

அவள் கதவைத் திறக்கும்போதெல்லாம் வாசல் நடையில் ஈரம். மதியமும் ஈரம், சாயங்காலமும் ஈரம். "ஏலே, அறிவிருக்கா ஒனக்கு!" என்று கத்துவாள். துரை தரையோடு தரையாகப் படுத்து, இன்னும் கொஞ்சம் விடும்.

புருஷன் சூர்யபிரகாஷ் முதலில் சிரித்தான். ஆல்பம் பார்க்க வீட்டுக்கு வந்த கோயம்புத்தூர் ஏஜென்ட் அந்த ஈரத்தில் சறுக்கி, நிலைக்கதவைப் பிடித்துத் தப்பித்த அன்றோடு சிரிப்பு நின்றது.

"இன்னொரு தடவ வீட்டுக்குள்ள பாத்தேன், அச்சங்குளம் பேப்பர் குடோன்ல கொண்டு கட்டிருவேன். வாட்ச்மேன் சீனிச்சாமி காவலுக்கு நாய் கேட்டுக்கிட்டேதான் இருக்கான்."

அவன் சொன்னால் செய்கிறவன். துரை போய்விடும் என்று நினைத்தாலே பிரீத்திகாவுக்குச் சோறு இறங்கவில்லை. பகலெல்லாம் வீட்டில் என்னதான் செய்கிறது என்று பார்க்கத்தான், ஆல்பங்களுக்குக் காவலாக வைத்திருந்த கேமராவைப் போனில் திறந்தாள்.

நடை காய்ந்து கிடந்தது. துரை மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ருமானாவின் குரல் வந்தது. "துரை, வெளிய வா லே." நாய் எழுந்து சோம்பல் முறித்து, பின்பக்கக் கம்பிக்கதவின் இடைவெளியில் நுழைந்து வெளியே போயிற்று. "அங்கன இல்ல. முருங்கைக்குக் கீழ. ம்... அம்புட்டுத்தான். நல்ல பிள்ள, உள்ள போ." வந்து மறுபடியும் படுத்துக்கொண்டது. பிஸ்கட் இல்லை, கொஞ்சல் இல்லை.

ருமானாவும் சும்மா இருக்கிறவள் அல்ல. அவள் வீட்டுக்காரர் தவுபிக்குக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு, வத்தல் ரகம் பார்த்துக்கொண்டே கடைக்கு வருகிற போனையெல்லாம் பேசுவது அவள்தான். துரை வந்த அன்றைக்கே சுவரை விட்டு இரண்டடி தள்ளி நின்று சொல்லியிருந்தாள். "தொழுகைக்கு நிக்கிறவ தங்கச்சி நான். எச்சி பட்டா கழுவிக் கழுவி மாளாது. தூரத்துல இருந்தே பாத்துக்கிறேன்." அன்றைக்குப் பிரீத்திகாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். போட்டிக்கு ஒரு ஆள் குறைந்தது என்று நினைத்தாள்.

இப்போது பார்த்தால், ஒரு விரல்கூடப் படாமல் நாயைக் கைக்குள் போட்டிருக்கிறாள்! அவள் சொன்னால் முருங்கை மரம். நான் வந்தால் நடு வாசலா? விற்றவர் சொன்ன அந்த ஒரே ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்! பாதி இட்லியை இலையிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கிளம்பும்போது பின்பக்க மரக்கதவையும் சாத்தினாள். கொசு வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொசு ஒன்றும் வரவில்லை. அந்தக் குரல் வரக்கூடாது, அவ்வளவுதான்.

அன்றைக்கென்று பார்த்து சூர்யபிரகாஷ் ஒரு ஆல்பம் எடுக்க வீட்டுக்கு வந்தான். ஹாலில் மூன்று இடத்தில் ஈரம். அதில் ஒன்று ஏஜென்டுகள் உட்காருகிற சோபாவுக்கு முன்னால். அவன் கத்தவில்லை. பிரீத்திகாவுக்குப் போன் போட்டு மூன்றே வார்த்தை பேசினான். "நாளைக்குச் சீனிச்சாமி வருவான்."

பிரீத்திகா வேலையைப் போட்டுவிட்டு வந்து ஹாலைத் துடைத்தாள். கதவைச் சாத்தியது தான்தான் என்று நன்றாகத் தெரிந்ததால் கோபம் இரண்டு மடங்காயிற்று. நேரே கொல்லைச் சுவருக்குப் போனாள்.

"அக்கா, என் நாய நீங்க எதுக்குக் கூப்பிடுறீக?"

ருமானா பேசிக்கொண்டிருந்த போனை மடியில் கவிழ்த்தாள். "அது முட்டிக்கிட்டு அழுதுச்சு தங்கச்சி. நீயும் அங்கன ஆர்டர் ஆர்டர்னு கெடக்க. நான் நாள் பூரா பேசிக்கிட்டேதான இருக்கேன், அதோட இதுவும் ஒரு பேச்சுன்னு கூப்பிட்டேன். தப்பா?"

"ஒங்க பேச்சக் கேக்குது, கேமராவுல பாத்தேன். நான் வந்தா எனக்கு முன்னாடியே நடையில விடுது. ஒரே ஆளுக்குத்தான் அடங்குமாம். அது நீங்கதான். ஒங்களுக்கென்ன, எனக்குத்தான் நாளைக்கு நாய் இல்ல. அச்சங்குளத்துக்குக் கொண்டு போறாக."

"கேமராவுல பாத்தேன்னு சொல்லுத. நீ இல்லாத நேரத்ததான பாத்த? நீ வர்ற நேரத்தப் பாத்தியா?"

"நான் வர்றத நானே எதுக்குப் பாக்கணும்?"

"பாரு. இங்கனயே நின்னு பாரு."

பிரீத்திகா போனில் முந்தின நாள் சாயங்காலத்தைத் தேடி எடுத்தாள். துரை காலை நீட்டிப் படுத்திருந்தது. நடையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தெருமுனையில் அவளுடைய ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் குதித்து எழுந்தது. கதவுக்கு ஓடியது, திரும்பி வந்தது, தன் வாலையே சுற்றியது, மறுபடி ஓடிக் கதவைப் பிறாண்டியது. கதவு திறந்தது. அவள் முகத்தைப் பார்த்த அந்தக் கணத்தில்தான் உடம்பெல்லாம் ஆடி, நின்ற இடத்திலேயே விட்டுவிட்டது. சந்தோஷம் தாங்காமல் விட்டது. அடுத்து, விரலை நீட்டிக் கத்துகிற ஒருத்தி திரையில் வந்தாள். அவளைப் பார்க்கப் பிரீத்திகாவுக்கே பிடிக்கவில்லை.

"நானும் இம்புட்டு நாளா கூப்பிடுறேன்," என்றாள் ருமானா. "வரும், போகும், சொன்னதச் செய்யும். எங்க கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி. எனக்காக ஒரு நாளாச்சும் அது நெலை கொள்ளாம ஆடியிருக்கா? நீ வண்டிய நிறுத்தினா அங்கன அது போடுற கூத்து இங்கன வரைக்கும் கேக்கும். எனக்கு எம்புட்டுப் பொறாமையா இருக்கும்னு ஒனக்குத் தெரியுமா?"

அவள் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொன்னாள். பிரீத்திகாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம், அதுவும் கொஞ்சம் கெட்ட சந்தோஷம். வெட்கம் சற்றுப் பொறுத்துத்தான் வந்தது.

சூர்யபிரகாஷ் வந்ததும் போனைக் கையில் கொடுத்தாள். பார்த்தான். திரும்பவும் ஓட்டிப் பார்த்தான். பிறகு, அவனாகவே, தான் வீட்டுக்கு வருகிற நேரத்தையும் தேடிப் பார்த்தான். துரை ஒரு கண்ணைத் திறந்து, யார் என்று தெரிந்துகொண்டு, மூடிக்கொண்டது.

"எனக்கு எந்திரிக்கக்கூட மாட்டேங்குதே!"

"கறி வாங்கிட்டு வர்றது நீங்கதான், பாவம்," என்றாள் பிரீத்திகா.

அவன் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் நியாயஸ்தன். சீனிச்சாமிக்குப் போன் போட்டு வேறு நாய் பார்க்கச் சொன்னான்.

பகலில் ருமானா வழக்கம்போலக் கூப்பிடுவது, பிரீத்திகா முன்வாசல் வழியாக வராமல் கொல்லைக் கதவு வழியாக வருவது, சந்தோஷத்தில் விட்டாலும் மண்ணில் விடட்டும் என்று பெண்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் சாயங்காலம் அச்சாபீஸிலிருந்து கிளம்பும்போதே பிரீத்திகா போன் அடித்தாள். ருமானா துரையை முருங்கைக்குக் கீழே வரச் சொல்லிவிட்டு, வத்தல் முறத்தோடு சுவரோரம் நின்றாள்.

கொல்லைக் கதவைத் திறந்ததுதான் தாமதம், துரை தாவி வந்து, நாலு சுற்றுச் சுற்றி, அவள் காலடியில் உடம்பை முறுக்கி, பாதத்தின் மேலேயே விட்டது. இந்த முறை அவள் கத்தவில்லை. குனிந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஏ தங்கச்சி, காலக் கழுவு," என்று ருமானா ஒரு செம்புத் தண்ணீரைச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

பிரீத்திகா நிமிர்ந்தாள். நனைந்த பாதத்தைச் சற்று முன்னால் எடுத்து வைத்தாள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நன்றாகத் தெரிகிற மாதிரி.

"கெடக்கட்டுங்கக்கா. பெறகு கழுவிக்கிறேன்."

ருமானா நீட்டிய கையை மடக்கினாள். செம்புத் தண்ணீரைத் தன் பக்கத்துச் செடியில் ஊற்றிவிட்டு, வத்தலைப் பொறுக்க உட்கார்ந்தாள்.