எடுத்து வைக்காத கத்தி

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்துப் பிரிவில் இரண்டாம் ஆண்டு மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள் வினிதா. வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே அவளுக்குப் பெரும்பாடு.

அன்று பொம்மையை வைத்துப் பயிற்சி. சூளகிரி அருகே லாரியில் அடிபட்டவருக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது, பாதியில் மூச்சுக்காகப் போட்டிருந்த குழாய் நழுவிவிட்டது, தொண்டையோ வீங்கிக் கிடக்கிறது. இதுதான் பேராசிரியர் ராஜசேகர் கொடுத்த நிலைமை. வினிதாவுக்கு உதவியாக நின்றவர் முனிலட்சுமி சிஸ்டர். பதினேழு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்.

வினிதா குழாயைத் திரும்பப் போட முயன்றாள். போகவில்லை. முகமூடி வைத்து காற்றை அழுத்திப் பார்த்தாள். நெஞ்சு எழும்பவில்லை. மறுபடியும் குழாய், இன்னொரு தடவையும். ஆக்சிஜன் எண்பது, எழுபது என்று இறங்க இறங்க, மானிட்டரின் 'பீப்' ஒலியும் கீழ்ச்சுருதிக்கு இறங்கிக்கொண்டே போனது.

"மேடம், மூணு தடவ ஆச்சுங்க. கத்தி எடுத்து வெச்சிட்டன். கழுத்துல கீறி மூச்சுக்கு வழி போட்ரலாங்களா?"

"சும்மா இருங்க சிஸ்டர்! டாக்டர் நானா நீங்களா?"

நான்காவது முறை. ஐந்தாவது முறை. கழுத்தைக் கீறினால் தோற்றுப்போனதாக அர்த்தம் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று அடம்பிடித்தது. பொம்மையின் இதயம் நின்றது.

பக்கத்து அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ராஜசேகர் மெதுவாகத்தான் கேட்டார்: "கழுத்துல போகணும்னு தோணலியாம்மா?"

"தோணுச்சு சார். சிஸ்டர் கத்தி எடுத்து வைக்கல."

பொய் என்று தெரிந்தேதான் சொன்னாள். கடைசி வரிசையில் இருந்த முனிலட்சுமி தரையைப் பார்த்தார்.

ராஜசேகர் வழக்கம்போல வீடியோவை ஓடவிட்டார். கேமரா இருப்பதையே வினிதா மறந்திருந்தாள். 'கத்தி எடுத்து வெச்சிட்டன்' என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது. பின்னாலேயே அவளுடைய குரல். யாராவது சிரித்திருந்தாலாவது தேவலை. கூட இருந்த எட்டுப் பேரும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வினிதாவுக்குக் காது மடல் வரை எரிந்தது. ராஜசேகர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

சாயங்காலம் தியேட்டர் வாசலில் முனிலட்சுமியைப் பிடித்தாள். "மன்னிச்சிருங்க சிஸ்டர்."

"சும்மா இருன்னு சொன்னீங்களே, அது பரவால்லீங்க. பதட்டத்துல யாருன்னாலும் சொல்லுவாங்க." முனிலட்சுமி கையுறையைக் கழற்றினார். "பொம்ம செத்ததுக்கே எம்மேல போட்டீங்க. நெஜ ஆளு செத்திருந்தா ரிப்போர்ட்லயும் எம்பேரத்தான எழுதியிருப்பீங்க?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"ஆமா சிஸ்டர். எழுதியிருப்பேன்."

முனிலட்சுமி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.

வினிதா மூக்கண்டப்பள்ளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பா பூபதி, "பயிற்சி எப்டிம்மா போச்சு?" என்று கேட்டார். சிப்காட் தொழிற்பேட்டையில் இயந்திரம் ஓட்டுகிறவர். மகள் டாக்டர் என்பதைத் தெருவில் சொல்லாத நாளில்லை. "நல்லா போச்சுப்பா" என்றாள். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

அடுத்த வியாழக்கிழமை அதே பயிற்சி, உதவிக்கு அதே முனிலட்சுமி. தொடங்குவதற்கு முன்னால் வினிதா எழுந்து நின்றாள்.

"போன வாரம் சிஸ்டர் கத்தி எடுத்து வெச்சிருந்தாங்க. சொல்லவும் செஞ்சாங்க. தப்ப மறைக்க நான் பொய் சொன்னேன்."

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் வாயால் எல்லார் முன்னாலும் சொன்னது இதுவே முதல்முறை.

இம்முறை இரண்டாவது முயற்சி தோற்றதும், "என்னால முடியல, கத்தி குடுங்க" என்று உரக்கச் சொன்னாள். கேட்டு முடிப்பதற்குள் கத்தி அவள் கையில் இருந்தது. கழுத்தில் கீறி, சின்னக் குழாயைச் செலுத்தினாள். நெஞ்சு எழும்பியது.

ராஜசேகர் பாராட்டினார். முனிலட்சுமி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முன்பெல்லாம் பயிற்சி முடிந்ததும், "டீ குடிச்சீங்களா மேடம்?" என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. கேட்காதது நியாயம்தான் என்று வினிதாவுக்குத் தோன்றியது.