ஆர் டிரைவில் அம்மா

என் வீட்டுக்காரர் வின்சென்ட்டுக்கு எதிலும் வேகம் வேண்டும். அந்தமானில், டாலிகஞ்சில் குடியிருந்துகொண்டு வேகத்துக்கு ஆசைப்படுவதே ஒரு வியாதிதான். எங்கள் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் வீடியோ போட்டால் திக்கித் திக்கித்தான் ஓடும். அதனால் மனிதர் மெமரியைக் கூட்டி, அதில் ஒரு பங்கைப் பிரித்து, அதையே ஒரு டிஸ்க் மாதிரி நடிக்க வைத்திருந்தார். ஆர் டிரைவ் என்று பெயர். கரண்ட் இருக்கும்வரைதான் அதில் வைத்தது இருக்கும். முறையாக மூடினால் மட்டும் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவிட்டு அணையும்.

"கம்ப்யூட்டர் ஓடுறப்ப மெயின் சுவிட்சைத் தொட்டுராத டயானா" என்று என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போய், புதியது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டே இருந்தது.

அம்மா போன மாதம் இறந்தாள். ஆஸ்பத்திரியில், கடைசியாகத் தெளிவோடு இருந்த அன்று, தூத்துக்குடியில் இருக்கும் என் தங்கை சுபிதாவிடம் பேச வேண்டும் என்றாள். சிக்னல் இல்லை. வின்சென்ட் போனில் வீடியோ பதிவைத் தொடங்கித் தலைமாட்டில் சாய்த்து வைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க. இது அவளுக்கு" என்றாள் அம்மா.

எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனாலும் அந்த வீடியோவைப் பிறகும் நான் போட்டுப் பார்க்கவில்லை, வின்சென்ட்டும் பார்க்கவில்லை.

சுபிதாவுக்கு டிக்கெட் கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. "வீடியோவ அனுப்பாதக்கா. அம்மா குரல தனியா கேக்க எனக்குத் தெம்பு இல்ல. வந்து உன் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்" என்றாள் சுபிதா. முப்பதாம் நாள் பூசைக்குக் கப்பலேறி வந்தாள்.

பூசையன்று காலை வின்சென்ட் அந்த வீடியோவைப் போனிலிருந்து எடுத்து நேரே ஆர் டிரைவில் போட்டார். போனில் இடமில்லை என்று அங்கே அழித்தும்விட்டார். "ஹார்ட் டிஸ்க்லயும் ஒண்ணு போட்டு வைங்க" என்றேன். "அது ஏற நேரமாகும். அவ பாத்து முடிக்கட்டும், அப்புறம் ஏத்திருவேன். திக்காம ஓடும் பாரு" என்றார்.

பூசை முடிந்து வந்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டோம். அப்போது லைட் மங்கியது. ஃபேன் தள்ளாடியது.

சின்ன வயதில் எங்கள் டிவி இப்படித்தான் எரிந்தது. மங்கின கரண்ட் திரும்பும்போது எகிறிக்கொண்டு வரும். அன்றிலிருந்து அம்மாவின் சட்டம் ஒன்று: லைட் மங்கினால் பக்கத்தில் இருப்பவள் ஓடிப்போய் மெயினை இறக்க வேண்டும். நானும் சுபிதாவும் போட்டி போட்டு ஓடுவோம். எப்போதும் அவள்தான் முந்துவாள்.

அன்றும் அவள்தான் முந்தினாள்.

"ருகோ, ருகோ, நில்லு" என்று வின்சென்ட் எழுவதற்குள் கம்ப்யூட்டரோடு வீடே அடங்கிவிட்டது.

சுபிதா திரும்பிச் சிரித்தாள். "பாத்தியாக்கா, இன்னும் மறக்கல. அம்மா இருந்தா சந்தோசப்பட்டிருப்பா."

கொஞ்ச நேரம் கழித்து அவளே மெயினைப் போட்டாள். கம்ப்யூட்டர் மெல்ல விழித்தது. ஆர் டிரைவைத் திறந்தார் வின்சென்ட். காலி. போனையும் துழாவினார். அங்கும் இல்லை.

"போடுங்க அத்தான்" என்று சுபிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். சுபிதா மெயினை இறக்கியதால்தான் அது போனது என்று அவளுக்குத் தெரியக் கூடாது.

"உங்கத்தான் தெரியாம அழிச்சிட்டாருட்டி" என்றேன்.

வின்சென்ட் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா, என் தப்புதான்" என்றார். சுபிதா அவரைத் திட்டாத திட்டு இல்லை. அழுது அழுது அப்படியே படுத்துவிட்டாள். அம்மா என்ன சொன்னாள் என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

சாயங்காலம் லைட் மறுபடி மங்கியது. வீங்கின கண்ணோடு சுபிதா எழுந்து ஓடினாள். நானும் எழுந்தேன், ஆனால் ஓடவில்லை. அம்மா சொன்னதில் அவளிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அவளே மெயினை இறக்கட்டும் என்று இருட்டில் நின்றேன்.