மாத்திட்டேன்க்கா

சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் ஒழுங்குப் பிள்ளையாக ஓடியது. அப்புறம் தன் புத்தியைக் காட்டிவிட்டது. நாலு பேர் தூக்க வேண்டிய பீரோவை மூன்று பேர் தூக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு பக்கமாகக் குலுங்கியது வண்டி. என்ஜினில் கோளாறு என்று சொல்ல முன்னால் எரிய ஆரம்பித்த மஞ்சள் விளக்கு அணைகிற வழியாக இல்லை.

"அக்கா, இது வண்டியா, மாவு அரைக்கிற மிஷினா?" என்றான் தம்பி, பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து.

"வாயை மூடிட்டு அந்த டார்ச்சைப் பிடிடா."

அவளை அந்தத் தெருவில் எல்லோரும் பிரேக் டீச்சர் என்பார்கள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தக் குட்டிக் காருக்கு அவள் கல்யாணத்தின் வயசு. யாரோ ஒருத்தருடைய பள்ளியில் பல வருஷம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, போன வருஷம்தான் சொந்தமாகப் போர்டு மாட்டினாள். பள்ளி என்றால் இந்த ஒரு வண்டிதான்.

இன்று மத்தியானம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டிக்குத் தகுதிப் பரிசோதனை. மஞ்சள் விளக்கு எரிந்தாலே உள்ளே விடமாட்டார்கள். இன்றைக்கு விட்டால் அடுத்த தேதி எப்போதோ. அதற்குள் பள்ளியின் அனுமதி காலாவதியாகிவிடும். போர்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய முதலாளி, "நான் அப்பவே சொன்னேனே" என்று இழுப்பது இப்போதே அவள் காதில் விழுந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியிருந்த இரவல் ஸ்கேனர், கோளாறு எங்கே என்று செல்போனில் காட்டியது. இரண்டாவது சிலிண்டர். மற்ற மூன்றும் வேலை செய்ய, அது மட்டும் சும்மா இருக்கிறது.

"ரெண்டுல நெருப்புப் பத்தலை. அவ்வளவுதான். ஏன் பத்தலைன்னுதான் பாக்கணும். பிளக்கா, காயிலா, பெட்ரோல் வரலையா?"

"பிளக் இல்லக்கா. அதைத்தான் போன வாரமே மாத்திட்டேனே."

போன வாரம் குலுக்கல் ஆரம்பித்த அன்று அவள் கடைசி வகுப்பு முடித்து, வண்டியை நிறுத்தி, முகம் கழுவிவிட்டு வந்தபோது, தம்பி பானெட்டை மூடிக்கொண்டிருந்தான். "பிளக்கை மாத்திட்டேன்க்கா, அப்படியும் குலுங்குது" என்றான். ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் மோட்டார் கட்டுகிற கடை வைத்திருப்பவன். கை சும்மா இருக்காது. போகட்டும், பிளக் கவலை விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகவே காயிலுக்குப் போனாள். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், அது பொறி தட்ட மின்சாரம் அனுப்பிக்கொண்டு, ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவதைக் கழற்றி நாலாவதில் வைத்தாள், நாலாவதை இரண்டில். கோளாறு நாலுக்குப் போனால் காயில்தான் குற்றவாளி. போனில் பழைய பதிவை அழித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

குலுக்கல். மஞ்சள் விளக்கு. இரண்டாவது சிலிண்டர்.

ஆக, காயிலும் இல்லை.

பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டாள். டிக் டிக் டிக் என்று அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வயர்களை அசைத்துப் பார்த்தாள். சாக்கெட்டைப் பிடுங்கிச் செருகினாள். ஒன்றும் மாறவில்லை.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"புது பிளக் போட்டாச்சு, காயில் நல்லாருக்கு, பெட்ரோல் வருது, ஆனா பத்தலைன்னா உள்ளே வால்வு போயிருக்கும்மா. என்ஜின் ஹெட்டைப் பிரிக்கணும். வண்டியை விட்டுட்டுப் போங்க, அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரம்! டீச்சர் போனைச் சீட்டில் போட்டுவிட்டுப் பம்பரில் சாய்ந்து நின்றாள். நெற்றியைத் துடைத்ததில் கிரீஸ் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டது. தம்பிகூட அதைக் கிண்டல் செய்யவில்லை. அதுவே அவளுக்குப் பயத்தைக் கிளப்பியது.

"அக்கா, மாமாவுக்குச் சொல்லிடலாமா?"

"அவர் லாரியில இருக்கார். சொன்னா அங்கேயே உக்காந்து கவலைப்படுவார். ஒருத்தர் படறது போதாதா?"

மறுபடி முதலிலிருந்து யோசித்தாள். வால்வு போயிருந்தால் மேட்டில் வண்டி இழுக்காது. ஆனால் குலுக்கல் ஆரம்பிப்பதற்கு முந்தின நாள்கூட மேட்டில் ஜம்மென்று ஏறியதே. ஒருவேளை இந்த வண்டிக்கு ஒத்துவராத பிளக்கை வாங்கிப் போட்டுவிட்டானோ?

"டேய், அந்தப் பிளக் வந்த டப்பா எங்கே?"

"எந்த டப்பா?"

"புது பிளக் டப்பாடா. நம்பர் பாக்கணும். எந்தக் கடையில வாங்கினே?"

தம்பி அவளை விநோதமாகப் பார்த்தான். "நான் எங்கக்கா வாங்கினேன்?"

"மாத்திட்டேன்னு சொன்னியே!"

"ஆமா, மாத்தினேன். மூணுல இருந்ததை ரெண்டுல வெச்சேன், ரெண்டுல இருந்ததை மூணுல வெச்சேன். அப்பவும் அதே குலுக்கல். சரி, பிளக் இல்லைன்னு விட்டுட்டேன்."

டீச்சரின் குரல் தெருமுனை வரை போயிற்று.

"அடப்பாவி! மூணுல செத்துக் கிடந்ததைத் தூக்கி ரெண்டுல வெச்சா, மூணு பொழைக்கும், ரெண்டு சாகும்! குலுக்கல் அதேதாண்டா இருக்கும்! அன்னிக்கு ஸ்கேனர் இருந்துச்சா உங்கிட்ட, இடம் மாறிடுச்சுன்னு தெரியறதுக்கு?"

"நீங்கதானேக்கா இப்ப காயிலை அப்படி மாத்தினீங்க? நானும் அதைத்தான்..."

"நீ புதுசு போட்டேன்னு நெனச்சேன்டா!"

"புதுசு போட்டா, புதுசு போட்டேன்னு சொல்லமாட்டேனா?"

டீச்சர் பானெட்டுக்குள் குனிந்தாள். காயிலைப் பிடுங்கினாள். பிளக் ஸ்பேனரை இறக்கி, உடம்பு எடை முழுவதையும் கொடுத்துத் திருகினாள். சூட்டில் விரல் பொசுங்கியது. வெளியே வந்த பிளக்கைத் துணியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். வெள்ளைப் பீங்கானில், மேலிருந்து கீழே, தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. விரிசல். பொறி நுனிக்குப் போகாமல் அந்த வழியாகவே நழுவிக்கொண்டிருந்திருக்கிறது.

"கடைக்கு ஓடு!" என்றாள். தம்பி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான்.

நாலு பிளக்கையும் புதிதாகப் போட்டு, போனில் பதிவை அழித்துவிட்டு வண்டியைக் கிளப்பியபோது, ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது. அவ்வளவு அமைதி. விளக்கு அணைந்திருந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. போகிற வழியெல்லாம் ரோட்டைப் பாதியும் விளக்கைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி ஆடும்போது அவள் உயிரும் ஆடியது.

கேட்டைச் சாத்தப் போகிற நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். பரிசோதகர் சிரிக்கத் தெரியாத மனுஷர். விளக்கு பார்த்தார், பிரேக் பார்த்தார், புகைக்குழாயில் மீட்டரைச் செருகினார். பானெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டார். ஏன் இவ்வளவு நேரம்? ஏதாவது கேட்டுவிட்டதோ? டீச்சர் மஞ்சள் விளக்கு எரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம். கொஞ்சம் முன்னால எடுங்க."

கியரைப் போட்டாள். அவசரத்தில் கிளட்ச்சிலிருந்து கால் நழுவியது. வண்டி ஒரு துள்ளு துள்ளி, பொட்டென்று நின்றது.

பின்சீட்டில் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான்.

பரிசோதகர் கதவில் எழுதியிருந்த 'டிரைவிங் ஸ்கூல்' என்பதைப் படித்தார். ஜன்னல் வழியே குனிந்தார்.

"என்னம்மா, வண்டியில கோளாறா, உங்ககிட்டயா?"

"எங்கிட்டதான் சார்."

"அப்ப சரி. உங்களுக்கு இங்க டெஸ்ட் கிடையாது, வண்டிக்குத்தான்" என்று சொல்லி, அவர் கண்ணாடியில் புது ஸ்டிக்கரை ஒட்டினார்.