முதுகுப் பக்கத்துக் காவல்

கடைசி இடத்தில் வந்த அணிக்குத்தான் கல்லூரிப் பையன்களில் முதல் ஆளைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை. அமெரிக்கக் கால்பந்தில் அது வழக்கம். தோற்றவனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு மாதிரித் தெரியும். ஆனால் தப்பான ஆளை எடுத்துவிட்டால், அடுத்த வருஷமும் அதே உரிமையோடு அதே இடத்தில் நிற்க வேண்டியதுதான். டொலீடோ ஹெரன்ஸ் அணி இந்த முறை அப்படித்தான் நின்றது. போன வருஷம் எடுத்த பையன் இப்போது வேறு ஊரில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வேண்டியது ஒரு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன். இருந்தது இரண்டு பேர். கேலப் ஆர்ன்ட்ஸன் நெட்டையன், பீரங்கிக் கை. ஜோனா பெல்லமி அவனைவிடக் குட்டை, ஆனால் பதற்றமே தெரியாதவன். யாரை எடுப்பது என்று ஊரே வாயால் அடித்துக்கொண்டது. முடிதிருத்தும் கடையில் பாதிச் சவரத்தோடு எழுந்து போனவர்களும் உண்டு.

எறிகிறவனை எதிரணியிடமிருந்து காக்கும் தடுப்பு வரிசையின் பயிற்சியாளர் கஸ் வொய்தானிக்குக்கு மட்டும் இது வாய்ச்சண்டை இல்லை, வயிற்றெரிச்சல். ஏனென்றால் பெல்லமி இடக்கையன்.

வலக்கையன் எறியத் திரும்பும்போது நெஞ்சு வலப்பக்கம் பார்க்கும், முதுகு இடப்பக்கம் இருக்கும். அந்த முதுகுப் பக்கமாக ஓடிவருகிறவனை அவன் பார்க்கவே மாட்டான். பார்க்கும்போது தரையில் கிடப்பான். அதனால்தான் வரிசையின் இடது கோடியில் அணியின் ஆகச் சிறந்த தடுப்பாளனை நிறுத்துவார்கள். ஹெரன்ஸில் அந்தக் கோடிக்குப் பல வருஷமாக டெரல் புட்ரோதான் சொந்தக்காரன். வலது கோடியில் நிற்பவன் சுமார் ரகம். இடக்கையன் வந்தால் எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிவிடும். முதுகு வலப்பக்கம் வரும். சுமார் ரகம் அதற்குக் காவல் நிற்கும். பந்து சுழலும் திசைகூட மாறும், பிடிக்கிறவர்கள் முனகுவார்கள். ஆனால் அவர்கள் இரண்டு மாதத்தில் பழகிவிடுவார்கள். டெரலுக்கு முப்பத்து மூன்று வயது.

அணியின் தலைமை மேலாளர் ரஸ் டெலகார்ட் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. பெல்லமியை எடுத்தால் டெரல் வலது கோடிக்கு மாற முடியுமா என்று கேட்டிருந்தார். முடியாதென்றால், விலை இருக்கும்போதே அவனை விற்றுவிட்டு வேறு ஆளைப் பிடிக்கலாம் என்றார். ஆள் எடுக்கும் தேர்வு நாளன்று காலைக் கூட்டத்தில் கஸ் பதில் சொல்ல வேண்டும்.

சுலபமான வழி ஒன்று கஸ்ஸுக்குத் தெரிந்தே இருந்தது. ஆர்ன்ட்ஸன்தான் நல்லவன் என்று சொல்லிவிட்டால் போதும். டெரல் இருந்த இடத்தில் இருப்பான். யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள், கூட்டத்தில் பாதிப் பேர் ஆர்ன்ட்ஸன் பக்கம்தான். ஆனால் கஸ் பழைய ஆட்டங்களின் படம் பார்ப்பது தடுப்பாளன் கண்ணோடு. ஆர்ன்ட்ஸன் நெருக்கடி வந்தால் எறிய வேண்டிய திசையை விட்டுவிட்டு, தன்னை நோக்கி வருகிறவனைப் பார்ப்பான். பந்து கையிலேயே ஒட்டிக்கொள்ளும். அவனுக்காக வரிசை இன்னும் ஒரு மூச்சு நேரம் கூடத் தாங்க வேண்டும். அந்த ஒரு மூச்சில்தான் எலும்பு முறிகிறது. பெல்லமியோ அடி விழுவதற்கு முன்பே எறிந்துவிட்டிருப்பான்.

தேர்வுக்கு முந்தின நாள் பிற்பகல் கஸ் டெரலைப் பயிற்சித் திடலுக்கு வரச்சொன்னார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் என்றார். ஏரிக் காற்று குளிராக அடித்தது. கொஞ்ச நேரம் வழக்கமான பக்கத்தில் ஓடவிட்டு, பிறகு போகிறபோக்கில் சொல்வது போல, வலது பக்கம் நின்று காட்டச் சொன்னார்.

டெரல் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். “முழங்காலப் பாக்கத்தான் கூப்பிட்டீங்களா, கோச்?”

“நில்லுப்பா, சும்மா.”

“இடக்கைப் பையன்தானா?”

கஸ் வலது கோடியைக் கையால் காட்டினார். அதுவே பதிலாகிவிட்டது. டெரல் போய் நின்றான். இத்தனை வருஷம் வலது கால் உந்தித் தள்ள, இடது கால் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது இடது உந்த வேண்டும், வலது வழுக்க வேண்டும். முதல் அடியிலேயே இரண்டு கால்களும் தாங்களே தலைமை என்று கிளம்பின. ஊரே அஞ்சும் உடம்பு, பனிக்கட்டிமேல் கன்றுக்குட்டி போலத் தடுமாறியது.

“இடது கையால சவரம் பண்ணிப் பாருங்க கோச், அப்பத் தெரியும்,” என்றான் மூச்சிரைக்க. பிறகு, “ரெண்டு பேர்ல யாரு ஒசத்தி?”

“பெல்லமி.”

டெரல் காலணியில் ஒட்டிய மண்ணைப் புல்லில் தேய்த்தான். “அப்ப அதச் சொல்லுங்க. என் கால நான் பாத்துக்கறேன்.” குரலில் தைரியம் இருந்தது. ஆனால் திடலைவிட்டுப் போகும்போது ஒருமுறை நின்று, “வித்துட்டாங்கன்னா மொதல்ல நீங்களே சொல்லுங்க. டிவில பாத்துத் தெரிஞ்சுக்க வேணாம்,” என்றான்.

மறுநாள் காலை கஸ் கண்ணாடிமுன் நின்று சவரக் கத்தியை இடது கைக்கு மாற்றினார். கூட்டத்துக்கு மோவாயில் பிளாஸ்திரியோடு போனார்.

ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களை எடைபோட்டு வரும் சாரணர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்: உயரம், கை, கல்லூரியில் யாரிடம் தோற்றான் என்று. டெலகார்ட் எல்லாரையும் கையமர்த்திவிட்டு, முகத்தில் என்ன என்று கஸ்ஸிடம் கேட்டார். டெரல் திடலில் தடுமாறியதையும் இடக்கைச் சவரத்தையும் கஸ் சொன்னார். சிரிப்பு எழுந்தது, டெலகார்ட் சிரிக்கவில்லை.

“அப்ப அவனால முடியாது.”

“நாளைக்கு முடியாது. செப்டம்பர்ல ஆட்டம் ஆரம்பிக்கறப்ப முடியும்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறத வெச்சு நான் மொதல் ஆள எடுக்கறதா, கஸ்?”

“பெல்லமிய எடுங்க. ஆனா டெரல வித்துட்டு எடுக்காதீங்க. முதுகுக்குக் காவல் இல்லாம எடுத்தா ரெண்டு வருஷத்துல அந்தப் பையனையும் ஒடச்சிருவோம். ரெண்டும் சேந்தாத்தான் கணக்கு.”

டெலகார்ட் பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

மாலையில் தேர்வு தொடங்கியது, முதல் முறை ஹெரன்ஸுக்கு. டெலகார்ட் சொன்ன பெயர் பெல்லமி. அறை கைதட்டி முடிப்பதற்குள் அவருடைய தொலைபேசி அடித்தது. தெற்கே ஒரு அணி டெரலை விலைக்குக் கேட்டது. நல்ல விலைதான் என்பது அவர் புருவம் ஏறியதிலேயே கஸ்ஸுக்குத் தெரிந்தது. டெலகார்ட் தொலைபேசியை நெஞ்சில் பொத்திக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் பார்த்தார்.

“செப்டம்பர்?”

கன்றுக்குட்டி போலத் தடுமாறிய கால்கள் கஸ்ஸின் கண்ணுக்குள் வந்தன. தலையை மட்டும் ஆட்டினார்.

“இல்ல, விக்கறதா இல்ல,” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, டெலகார்ட் அடுத்த ஆளைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

நிம்மதி வரும் என்று கஸ் காத்திருந்தார். வரவில்லை. இதுவரை அது டெரலின் காலாக இருந்தது; இப்போது தன்னுடைய வாக்காகவும் ஆகிவிட்டது.

மறுநாள் காலை அவர் திடலுக்குப் போனபோது டெரல் ஏற்கெனவே வலது கோடியில், யாருமில்லாத புல்வெளியைப் பார்த்தபடி குனிந்து நின்றிருந்தான். பிளாஸ்திரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். “நிஜமாவே பண்ணிப் பாத்தீங்களா?”

“காலப் பாரு,” என்றார் கஸ்.

டெரல் கிளம்பினான். முதல் அடி சரியாக விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதில் வலது கால் பழைய ஞாபகத்தில் உந்திவிட்டது, அவன் கையை ஊன்றி எழுந்தான்.

“மறுபடி,” என்றார் கஸ்.