தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

பன்றிக்காய்ச்சலுக்கு நாட்டிலேயே முதல் உயிர் போனது புனேயில்தான். அதற்குப் பிறகு, 2009 ஆகஸ்டில், இந்த ஊர்க்காரர்களை வெளியூரில் யாரும் பக்கத்தில் உட்காரவிடவில்லை. பள்ளிக்கூடங்களையும் சினிமா தியேட்டர்களையும் மூடிவிட்டார்கள். மருந்துக்கடைகளில் மாஸ்க் தீர்ந்துபோய், ஜனங்கள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போனார்கள்.

முளா யுனைடெட் கால்பந்துக் குழு தேசிய லீக்கின் முதல் பிரிவுக்கு ஏறிய வருடமும் அதுவே. ஆறு வருடம் இரண்டாம் பிரிவில் கிடந்துவிட்டு அப்போதுதான் மேலே வந்திருந்தார்கள். முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்திருக்க வேண்டும். எதிர்த்து ஆட வேண்டிய கல்கத்தாக் குழு, புனேவுக்கு வரமாட்டோம் என்று எழுதிவிட்டது. லீக் அலுவலகம் ஆட்டத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றி, ஒரு நிபந்தனையும் போட்டது. புறப்படுவதற்கு முந்தைய ஏழு நாளும் புனே வீரர்களுக்குக் காலையில் டெம்பரேச்சர் பார்த்து எழுதி, குழுவின் மருத்துவப் பணியாளர் கையெழுத்திட வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் இருந்தாலும் யாரும் வரக்கூடாது.

குழுவின் டாக்டர் ஜூலையிலேயே நகரத்துப் பரிசோதனை முகாம் ஒன்றுக்குப் போய்விட்டார். மிஞ்சியது பிசியோதெரபிஸ்ட் ரோஹிணி ஒருத்திதான். வயது இருபத்தெட்டு. புனேயிலேயே தாபோடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ராணுவப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தி. தினமும் காலை ஏழு மணிக்கு வீரர்கள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போய், இருபத்திரண்டு பேர் வாயிலும் வரிசையாகத் தெர்மாமீட்டர் வைத்தாள். ஐந்து நாள் ஒரு குறையும் இல்லை.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. கோல்கீப்பர் முகமது ரஃபீக் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வந்தான். தெர்மாமீட்டர் நூற்றொன்று புள்ளி இரண்டு காட்டியது.

"எப்பலேந்து, ரஃபீக் பாய்?"

"நேத்து நைட்டுலேந்து மேடம். மழையில பிராக்டிஸ் பண்ணோம்ல, அதான்."

"தொண்ட வலி?"

"லேசா."

அவள் பேனாவைத் திறந்தாள். ரஃபீக் கையை நீட்டித் தாளின்மேல் வைத்தான். அந்தப் பெரிய கையில் பாதித் தாள் மறைந்துபோனது.

"எழுதாதீங்க மேடம்."

"அரே, எழுதாம எப்படி?"

"எனக்கு முப்பத்திமூணு வயசு. வியாசர்பாடில ஆட ஆரம்பிச்சு பதினெட்டு வருசம் ஆச்சு. மேல் பிரிவுல ஒரு மேட்ச்கூட நின்னதில்ல. இப்ப நீங்க நூத்தி ஒண்ணுன்னு எழுதுனா நான் மட்டுமா உக்காருவேன்? அத்தினி பேரும் உக்காரணும். மேனேஜர் சொன்னாருல்ல, இந்த மேட்ச் போவலன்னா ஓனர் டீமையே மூடிடுவாராம்."

மேனேஜர் நிம்பால்கர் அப்படிச் சொன்னது உண்மைதான். முந்தின நாள்தான் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லியிருந்தார்.

"பாய், இது அந்தக் காய்ச்சலா இருந்தா?"

"அதெல்லாம் இருக்காது. சபூரா முழுகாம இருக்கு, அதனால நான் கோந்த்வாவுல மாமனார் வூட்டுக்கே போவல, இங்கயேதான் கெடக்குறேன். ரெண்டு நாள்ல எறங்கிடும். தமிழ்ல கேக்கறதுக்கு இங்க எனக்கு வேற யாரு இருக்காங்க, சொல்லுங்க."

அவன் கண்ணோரம் சிவந்திருந்தது. வெளியே மற்றவர்கள் பந்து உதைக்கும் சத்தம் கேட்டது. பன்றிக்காய்ச்சலுக்குத் தரும் டாமிஃப்ளூ மாத்திரையை முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும் என்று அவள் படித்திருந்தாள். அதுவும் அந்த நிமிடத்தில் ஞாபகம் வந்தது. ஞாபகம் இருக்கும்போதே 98.4 என்று எழுதினாள்.

"சந்துருவ வேற ரூம்ல படுக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். சந்துரு அவன் அறைத்தோழன், இரண்டாவது கோல்கீப்பர், பெங்களூர்க்காரன். தன் குறட்டையைக் காரணம் சொல்லி ரஃபீக் அவனை அனுப்பிவைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவனுக்கு டெம்பரேச்சர் தொண்ணூற்றொன்பதுகூட இல்லை. விடியும்போதே மாத்திரை போட்டிருக்கிறான் என்று ரோஹிணிக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. மாலைப் பயிற்சியில் மூன்று முறை பாய்ந்து பந்தைப் பிடித்தான். நாலாவது முறை விழுந்தவன் எழாமல், புல்லைத் தட்டிக்கொண்டு சிரித்தான். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் சிரிக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயந்திரம் இருபத்திரண்டு பெயருக்கு நேரேயும் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை காலை குழுவின் பஸ் லோஹகாவ் விமான நிலையத்துக்குக் கிளம்பியது. ரஃபீக் கடைசி இருக்கையில் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தான். ஹோல்கர் பாலம் தாண்டியதும் ரோஹிணி எழுந்து போய் அவன் மாஸ்க்கை இறக்கிப் பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தலையை அசைத்தான், பேச்சு வரவில்லை.

"பஸ் ரோக்கோ" என்று கத்தினாள்.

நிம்பால்கர் முன்னாலிருந்து ஓடி வந்தார். பார்த்தவர் முகம் வெளுத்தது. மற்றவர்கள் காதில் விழாமல் இந்தியில் சொன்னார்: "நீ இவனை ஆட்டோவில் கூட்டிப் போ. காலில் அடி என்று இவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். விமானம் ஏறும்வரைக்கும் யாரிடமும் வேறு எதுவும் சொல்லாதே."

பஸ் போய்விட்டது. சாலையோரத்தில் அவனைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி ரோஹிணி நின்றாள். இரண்டு ஆட்டோக்காரர்கள் அவன் இருமலைக் கேட்டதும் நிற்காமல் போனார்கள். மூன்றாவது ஆளிடம் ஆஸ்துமா என்று பொய் சொன்னாள்.

முதல் ஆஸ்பத்திரியில் வாசலிலேயே கையை விரித்தார்கள். வெண்டிலேட்டர் ஒன்றுகூடக் காலியில்லை. இரண்டாவது இடத்திலும் அதே பதில். அங்கிருந்த நர்ஸ் மட்டும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரை ஆட்டோவுக்குள் தூக்கி வைத்து, கூடவே ஒரு வார்டுபாயையும் அனுப்பினாள். வழியெல்லாம் ரோஹிணி போன் செய்துகொண்டே வந்தாள். கல்லூரித் தோழி, பழைய பேராசிரியர், நம்பர் இருந்த ஒவ்வொருவருக்கும். "ஒரு பெட். ஒரே ஒரு பெட் சார்." ரஃபீக் அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்திருந்தான். அந்தக் கையில் பிடி தளர்ந்துகொண்டே வந்தது.

நாலாவது ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. அங்கே படுத்திருந்த ஒருவர் சற்று முன்புதான் இறந்துபோயிருந்தார்.

ரஃபீக்கை உள்ளே கொண்டுபோன பிறகுதான் அவன் மனைவி சபூராவுக்குப் போன் செய்தாள். கோந்த்வாவில் பை, பெட்டி விற்கும் முகம்மது மீரானின் மகள் அவள். பூர்வீகம் மேலப்பாளையம். ஏழு மாதக் கர்ப்பிணி. பதறி ஓடி வந்தவள், உள்ளே விட மறுத்ததால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளி வராந்தாவில் நின்றாள். டாக்டர் அங்கேயே வந்து இந்தியில் கேட்டார். கையில் ரோஹிணி கொடுத்திருந்த ஏழு நாள் அட்டவணை.

"காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது? இதில் நேற்றுவரை நார்மல் என்று இருக்கிறதே."

ரோஹிணியின் போன் அடித்தது. நிம்பால்கர். விமான நிலையத்திலிருந்து நாலாவது தடவையாகக் கூப்பிடுகிறார். இன்னும் அரை மணியில் விமானம். இன்று காலைதான் என்று சொன்னால் குழு போய்விடும், அவள் வேலையும் தங்கும். சபூரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை ராத்திரி" என்றாள் ரோஹிணி. "வியாழன் காலையில் நூற்றொன்று இருந்தது. நான் மாற்றி எழுதினேன். மற்றவர்களும் அவர்கூடத்தான் இருந்தார்கள். விமானத்தை நிறுத்தச் சொல்லுங்கள்."

டாக்டர் விமான நிலையத்துக்குப் போன் செய்ய உள்ளே ஓடினார். சபூரா மெதுவாகச் சொன்னாள்.

"வியாழக்கிழம போன்ல நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாவ. நான் நம்பல. டீம்ல டாக்டரம்மா தெனமும் பாக்காவ, எழுதுதாவன்னு சொன்னாவ. அதுக்குப் பொறவுதான் நம்புனேன்."

மீரான் மகளை அணைத்து அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரோஹிணி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

குழுவை விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். பரிசோதனையில் சந்துருவையும் சேர்த்து ஐந்து பேருக்குத் தொற்று இருந்தது. அன்றைக்கே மாத்திரை கொடுத்ததால் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார்கள். லீக் அலுவலகம் முளா யுனைடெட்டின் முதல் நாலு ஆட்டங்களையும் தள்ளிவைத்தது. மற்ற குழுக்களின் அட்டவணையும் அதோடு சரிந்து, சீசன் ஆரம்பமே அக்டோபருக்குத் தள்ளிப்போனது. ஓனர் குழுவை மூடவில்லை. ரோஹிணியை மட்டும் நீக்கினார்கள். இனி லீக்கின் எந்தக் குழுவிலும் அவள் வேலை செய்யக்கூடாது என்று கடிதம் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியவில்லை.

ரஃபீக் பதினாறு நாள் வெண்டிலேட்டரில் இருந்தான். தினமும் காலையில் ரோஹிணி ஆஸ்பத்திரி வாசல்வரை போய், காவலாளியிடம் கேட்டுவிட்டுத் திரும்பினாள். பதினேழாம் நாள் குழாயை எடுத்தார்கள். பிழைத்துவிட்டான், ஆனால் இரண்டு நுரையீரலிலும் அடிப்பாகம் கெட்டுப்போயிருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் பகல் பதினொரு மணிக்குத் தாபோடி வீட்டின் கதவு தட்டப்பட்டது. நிறைவயிற்றோடு சபூரா நின்றிருந்தாள். ஆட்டோவில் மீரான்.

"உள்ள வாங்க."

"உக்கார வரல. வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. கட்டில்லேந்து பாத்ரூம் போறதுக்குள்ள மூணு எடத்துல நிக்காவ. சளி வெளிய வரமாட்டேங்கு. மூச்சுக்கு பயிற்சி குடுக்கணுமாம், காய்ச்சல் வந்த வீடுன்னு ஒரு ஆளும் வரமாட்டேங்கான். ஒங்களுக்கு அந்தப் படிப்புத்தானே?"

"ஆமா."

"ஒங்கள நான் மன்னிக்கல. எப்பவும் மன்னிப்பனான்னு தெரியல. ஆனா நீங்க வரணும். இந்தப் புள்ள பொறக்கும்போது அவுஹ அதத் தூக்கணும்."

ரோஹிணி செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே ஆட்டோவில் ஏறினாள்.

அதன்பிறகு தினமும் இரண்டு பஸ் மாறிக் கோந்த்வாவுக்குப் போனாள். கடைக்கு மேலேயிருந்த அறையில் ரஃபீக்கைக் குப்புறச் சாய்த்து, கையைக் குவித்து முதுகில் தட்டிச் சளியை இளக்கினாள். விலாவில் கைவைத்து மூச்சை இழுக்கச் சொல்லி எண்ணினாள். முதல் வாரம் மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. இருமி இருமிச் சுருண்டு, "போதும், வுட்டுடுங்க" என்று அழுவான். அவள் விடமாட்டாள். சபூரா கதவருகே நின்று பார்ப்பாள். தண்ணீர் கொண்டுவந்து கணவனுக்குக் கொடுப்பாள். ரோஹிணியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அக்டோபரில் சீசன் ஆரம்பித்தது. கல்கத்தா ஆட்டத்தை ரஃபீக் டிவியில் பார்த்தான். தன் இடத்தில் சந்துரு நின்றான். மூன்று கோல் வாங்கினான். மூன்றாவது கோல் விழுந்ததும் ரஃபீக் டிவியை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அன்று பயிற்சிக்கு எழவேயில்லை. ரோஹிணி ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், சபூரா கட்டிலில் படுத்திருக்க, ரஃபீக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தான். தூக்கிக்கொண்டு நிற்கவும் முடிந்தது. நாலைந்து அடி நடந்தால் மூச்சு இரைத்தது. இனி கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும். மாமனாரின் கடையில் உட்காருவதாகப் பேச்சு.

"நான் அன்னிக்குக் கேட்டிருக்கக்கூடாது மேடம்" என்றான். "நான் கேக்கலன்னா நீங்க மாத்தி எழுதியிருக்க மாட்டீங்க."

"நீங்க கேட்டீங்க. எழுதினது நான்தான்" என்றாள் ரோஹிணி.

அவள் குழந்தையை வாங்கித் தொட்டிலில் இட்டுவிட்டு, அவன் விலாவில் இரண்டு கையையும் வைத்தாள்.

"இழுங்க. ஒண்ணு. ரெண்டு."

ஏழுவரை போனது. எட்டில் இருமல் வந்து உடைந்தது. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கட்டிலில் இருந்த சபூரா தலையைத் திருப்பாமல் கேட்டாள்:

"நாளைக்கு எத்தன மணிக்கு வருவிய?"