அரசன் பாட்டா, மந்திரி பாட்டா

கலஹாவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலையில் வேலை பார்த்த பழனியாண்டிக்குக் குரல் எப்போதும் உச்சத்தில் நிற்கும். அதுவே அவனுக்கு வினையாய்ப் போயிற்று. தோட்டத்துத் திருவிழா நாடகங்களில் ஏழு வருடமாக அவனுக்கு ராணி வேஷம்தான். மீசையை வழித்து வழித்து அலுத்துவிட்டான். பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள்கூட, ராணியம்மா வர்றாங்க என்று சிரித்தபடி வழிவிட்டார்கள்.

1961இல் கண்டி நகரத்து நாடக சபையொன்று புது இசை நாடகத்துக்கு ஆள் தேடியது. விரும்பியவர்கள் ஞாயிறு காலை வந்து, நாடகத்திலுள்ள பாட்டொன்றைப் பாடிக்காட்ட வேண்டும். நடித்தால் அரசன், இல்லாவிட்டால் வீடு என்று பழனியாண்டி முடிவெடுத்தான். பாட்டுப் புத்தகத்தைத் தபாலில் வரவழைத்து, எந்தப் பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு விடலாம் என்று கொப்பியில் வரிசையாக எழுதினான். கடைசியில் இரண்டு மிஞ்சின. அரசன் காட்டுக்குப் போகும் பாட்டு, மூன்றாம் வரியிலேயே வானத்துக்கு ஏறியது. மந்திரி புத்தி சொல்லும் பாட்டோ தரையைவிட்டு எழும்பவே இல்லை. குரலை ஏற்றினால் உடனே சேலையைச் சுற்றிவிடுவார்கள் என்று பயந்து மந்திரி பாட்டையே எடுத்தான்.

"ஏங்க, மந்திரி பாட்டப் பாடினா மந்திரி வேஷந்தானே குடுப்பாங்க?" என்றாள் மனைவி பாலம்மா.

அடித்தொண்டையைக் கேட்டதும் ஆள் அரசன் என்று கண்டுகொள்வார்கள் என அவன் விளக்கினான். அவளுக்கு அது விளங்கவில்லை. அவனுக்கும் முழுக்க விளங்கியதென்று சொல்ல முடியாது.

கண்டியில் அவனுக்கு முன் நான்கு பேர் பாடினார்கள். நால்வருமே அரசன் பாட்டு. நால்வருமே மூன்றாம் வரியில் விழுந்தார்கள். நகைக்கடைச் சிப்பந்தி ஒருவர் அந்த இடத்தில் நெடுநேரம் இருமிவிட்டு, பாட்டே அவ்வளவுதான் என்பதுபோல் போய்க் கதிரையில் அமர்ந்தார். ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து ஆள் தெரிவுசெய்த தியாகராஜாவின் முகம் நீண்டுகொண்டே போனது.

பழனியாண்டி மந்திரி பாட்டைத் தொடங்கினான். இரண்டு வரிக்குள் தியாகராஜா கையை எடுத்துவிட்டார்.

"தம்பிக்குத் தடிமனா, சளி கட்டியிருக்கா?"

"இல்லீங்க ஐயா."

"பெறகு ஏன் பீப்பாய்க்குள்ள இருந்து பாடுறீங்க? வேற பாட்டு இருக்கா?"

இருந்தது ஒன்றே ஒன்றுதான். பாடினால் சேலை, பாடாவிட்டால் அடுத்த பஸ். வருவது வரட்டுமென்று சுருதியை அரைக்கட்டை ஏற்றச் சொன்னான். மூன்றாம் வரியில் குரல் மேலே போய், இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்று நாலாபக்கமும் பார்த்தது. வெளியே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு வாசலுக்கு வந்தார்கள்.

பாடி முடித்தவன், ராணி என்ற சொல்லுக்காகத் தலைகுனிந்து காத்திருந்தான்.

"இந்தக் குரல வச்சுக்கிட்டா மந்திரி பாட்டுப் பாடினீங்க? ராஜபார்ட்டுக்குத்தானே இந்த உச்சம் வேணும்," என்றார் தியாகராஜா.

பழனியாண்டிக்கு இது புதுச் செய்தி. தோட்டத்தில் அரசனாக நின்றவர்கள் பாடியதைவிட உறுமியதே அதிகம். தியாகராஜா அரசனுக்கு எதிரே அவன் பெயரை எழுதுவதை எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டி வாசித்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

எழுதி முடித்தவர் பேனாவை மூடவில்லை. இந்தச் சுருதிக்கு ஈடுகொடுத்துப் பாட ஒரு ராணியும் வேண்டுமே, பழனியாண்டியின் தோட்டத்துப் பக்கம் அந்த வேஷம் கட்டுகிற ஆள் யாராவது உண்டா என்று கேட்டார்.

பழனியாண்டி யோசிப்பவன்போல் கூரையைப் பார்த்தான்.

"ஒருத்தர் இருந்தாருங்க ஐயா. இப்ப விட்டுட்டாரு."